பிடிவாரண்ட் வேற, பி.டி. வாரண்ட் வேற... வெளிமாநில ஜெயிலில் இருப்பவரை இங்கே கொண்டு வருவது எப்படி?

ஒரு வழக்கில் ஜாமீன் கிடைத்துவிட்டது. உத்தரவு நகலும் கையில் இருக்கிறது. குடும்பத்தினர் பஸ் பிடித்து ஆந்திராவில் இருக்கும் சிறை வாசலுக்கே போய்விட்டார்கள். ஆனால் ஆள் வெளியே வரவில்லை. "இன்னொரு கேஸில் வாரண்ட் இருக்கு" என்று பதில் வருகிறது. அது எந்த கேஸ், எந்த ஊர் வாரண்ட் என்று வாசலில் நிற்பவர்களுக்குப் புரிவதில்லை.

செம்மர வழக்குகளில் ஆட்கள் சிறைக்குப் போன கல்வராயன் மலை, ஜவ்வாது மலை ஊர்களுக்கு இது பழகிப்போன சிக்கல். வேறு மாநிலச் சிறையில் இருக்கும் ஒருவர் மீது இங்கேயும் வழக்கு இருந்தால் என்ன நடக்கும்? போலீஸ் நேராகப் போய் கைது செய்துவிட முடியுமா? சிறை அதிகாரி 'அனுப்ப முடியாது' என்று சொல்லலாமா? ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

பெயரிலேயே குழப்பம்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் செய்திகளில் அடிக்கடி வரும் 'பிடிவாரண்ட்' என்பது பிடியாணை. ஒருவரைப் பிடித்து வந்து ஆஜர்படுத்துங்கள் என்று நீதிமன்றம் போலீஸுக்குப் போடும் உத்தரவு. வெளியே நடமாடும் ஆளுக்கானது இது.

'பி.டி. வாரண்ட்' என்பது ப்ரிசனர் டிரான்சிட் வாரண்ட் என்பதன் சுருக்கம். ஏற்கெனவே சிறையில் இருப்பவரை, வேறொரு வழக்குக்காகத் தன் முன் ஆஜர்படுத்தும்படி நீதிமன்றம் சிறை அதிகாரிக்கு அனுப்பும் உத்தரவு. முதலாவது போலீஸுக்குப் போகிறது, இரண்டாவது ஜெயிலருக்குப் போகிறது. காதில் விழும்போது இரண்டும் ஒன்று போலவே இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொரு சுவாரசியம், 'பி.டி. வாரண்ட்' என்ற பெயரே சட்டத்தில் கிடையாது. அது கோர்ட், போலீஸ் வட்டாரத்துப் பேச்சுவழக்கு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 267-வது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், அதாவது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில், 302-வது பிரிவு. சிறையில் இருப்பவரை வரவழைக்கும் உத்தரவு என்றுதான் சட்டம் அதைச் சொல்கிறது.

மணலூர்பேட்டையில் வழக்கு, கடப்பாவில் சிறை

ஒரு கற்பனை உதாரணம். மணலூர்பேட்டை காவல் நிலையத்தில் ஒருவர் மீது பழைய அடிதடி வழக்கு ஒன்று இருக்கிறது. ஜாமீனில் வெளியே வந்து, திருக்கோவிலூர் நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு வாய்தா ஆஜராகி வருகிறார். நடுவில் ஏஜென்ட் ஒருவர் 'நல்ல கூலி' என்று சொன்னதை நம்பி மரம் வெட்டப் போய், செம்மர வழக்கில் கைதாகி கடப்பா சிறைக்குப் போய்விடுகிறார்.

அடுத்த வாய்தாவுக்கு அவரால் வர முடியாது. அவர் சிறையில் இருப்பது திருக்கோவிலூர் நீதிமன்றத்துக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. ஆஜராகவில்லை என்பதால் ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்ட் பிறப்பிக்கப்படுகிறது. முன்பு அவருக்காகக் கையெழுத்துப் போட்ட ஜாமீன்தாரருக்கும் நோட்டீஸ் போகும். அரசின் காவலில் இருக்கும் ஒருவர், அரசின் இன்னொரு காகிதத்தில் 'தலைமறைவு' ஆகிவிடுகிறார்!

இந்தப் பிடிவாரண்டை வைத்து என்ன செய்ய முடியும்? 79-வது பிரிவின்படி கைது வாரண்டை இந்தியாவில் எந்த இடத்திலும் நிறைவேற்றலாம். மாநில எல்லை ஒரு தடையில்லை. வெளியே இருக்கும் ஆள் என்றால் நம் போலீஸ் ஆந்திராவுக்குப் போய், உள்ளூர் அதிகாரியிடம் வாரண்டில் ஒப்புதல் கையெழுத்து வாங்கி, கைது செய்து, அங்கிருக்கும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி இங்கே கூட்டி வரலாம். செய்திகளில் 'டிரான்சிட் ரிமாண்ட்' என்று வருவது இந்தக் கட்டத்தைத்தான்.

ஆனால் சிறைக்குள் இருப்பவர் அங்குள்ள நீதிமன்றத்தின் காவலில் இருக்கிறார். அவரைச் சிறையிலிருந்து வெளியே எடுக்கப் பிடிவாரண்ட் போதாது. இங்கேதான் பி.டி. வாரண்ட் தேவைப்படுகிறது.

படிப்படியாக என்ன நடக்கும்?

1. விசாரணை அதிகாரியோ அரசுத் தரப்போ, 'இந்த நபர் இன்ன சிறையில் இருக்கிறார், இந்த வழக்கில் அவர் தேவை' என்று தன் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில் மனு போடுவார்கள். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல, வழக்கு நடவடிக்கைகளுக்காக, அல்லது சாட்சி சொல்ல என்று எதற்காக வேண்டுமானாலும் நீதிமன்றம் ஒருவரை வரவழைக்கலாம்.

2. நீதிமன்றம் திருப்தி அடைந்தால் சிறை அதிகாரிக்கு உத்தரவு போகும். உத்தரவு போட்டவர் இரண்டாம் வகுப்பு மாஜிஸ்திரேட் என்றால், தலைமை நீதித்துறை மாஜிஸ்திரேட்டின் மேலொப்பமும் வேண்டும். அவர் மறுக்கவும் செய்யலாம்.

3. சிறை அதிகாரி அந்த நபரின் நிலையைப் பார்ப்பார். அவர் அங்கே ரிமாண்டில் இருந்தால் அந்த நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும்.

4. எஸ்கார்ட் போலீஸ் ஏற்பாடாகி, அவர் இங்குள்ள நீதிமன்றத்தில் நேரில் ஆஜர்படுத்தப்படுவார். இந்த வழக்கிலும் ரிமாண்ட் செய்வதா, போலீஸ் காவலுக்கு அனுப்புவதா என்பதை மாஜிஸ்திரேட் முடிவு செய்வார்.

5. வேலை முடிந்ததும் பழைய சிறைக்கே திருப்பி அனுப்பப்படுவார்.

இதில் 'ஃபார்மல் அரெஸ்ட்' என்று ஒரு வார்த்தை வரும். சிறைக்குள் இருப்பவரை இன்னொரு வழக்கில் காகிதத்தில் 'கைது காட்டுவது'. ஆள் இருக்கும் இடம் மாறாது. ஏற்கெனவே காவலில் இருக்கிறார் என்பதற்காக வேறு வழக்கில் கைது செய்யத் தடையில்லை என்பதை உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

நாடே பார்த்த உதாரணம் அரவிந்த் கெஜ்ரிவால். 2024 மார்ச் 21-ல் அமலாக்கத்துறை அவரைக் கைது செய்தது. அந்த வழக்கில் அவர் சிறையில் இருக்கும்போதே ஜூன் 26-ல் சி.பி.ஐ. கைது செய்தது. ஜூலை 12-ல் அமலாக்கத்துறை வழக்கில் இடைக்கால ஜாமீன் கிடைத்தும் அவரால் வெளியே வர முடியவில்லை. சி.பி.ஐ. வழக்கிலும் ஜாமீன் கிடைத்த செப்டம்பர் 13-ம் தேதிதான் கதவு திறந்தது. ஜாமீன் என்பது வழக்கு வாரியாக. எல்லா வழக்கிலும் கிடைத்தால்தான் வெளியே வர முடியும்.

ஜெயிலர் மறுக்கலாமா?

மறுக்கலாம், ஆனால் இஷ்டத்துக்கு இல்லை. 304-வது பிரிவு நான்கு காரணங்களைச் சொல்கிறது. அந்த நபர் நோயாலோ பலவீனத்தாலோ பயணம் செய்ய முடியாத நிலையில் இருக்க வேண்டும். அல்லது விசாரணைக்காக ரிமாண்டில் இருக்க வேண்டும். அல்லது போய்த் திரும்புவதற்குள் அவருடைய காவல் காலமே முடிந்துவிடும் என்ற நிலை இருக்க வேண்டும். அல்லது 'இவரை இந்தச் சிறையிலிருந்து வெளியே எடுக்கக் கூடாது' என்று அரசு 303-வது பிரிவில் உத்தரவு போட்டிருக்க வேண்டும். எந்தக் காரணமாக இருந்தாலும் அதை எழுத்தில் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடைசிக் காரணத்துக்கு உதாரணம் லாரன்ஸ் பிஷ்னோய். குஜராத்தின் சபர்மதி சிறையில் இருக்கும் அவரை வெளியே கொண்டு போகக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது, பிறகு அது நீட்டிக்கப்பட்டது. அதனால் வேறு மாநில வழக்குகளில் அவர் பெயர் அடிபட்டாலும் போலீஸால் அவரை அங்கிருந்து கொண்டு போக முடியவில்லை.

ஒருவருக்குக் கேடயம், இன்னொருவருக்குப் பொறி

மேலே உள்ளதைப் படித்தால் எல்லாம் ஒழுங்காக எழுதி வைத்த நடைமுறை மாதிரிதான் தெரியும். ஆனால் ஒரே பிரிவு ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வேலை செய்கிறது.

உத்தரப்பிரதேசத்தின் முன்னாள் எம்.எல்.ஏ. முக்தார் அன்சாரி மீது அந்த மாநிலத்தில் ஏராளமான வழக்குகள். 2019 ஜனவரியில் பஞ்சாப் போலீஸ் பதிவு செய்த ஒரு மிரட்டல் வழக்கில் அங்குள்ள ரோபார் சிறைக்குப் போனார். அதன் பிறகு உ.பி. நீதிமன்றங்கள் அவரை ஆஜர்படுத்தச் சொல்லி உத்தரவுக்கு மேல் உத்தரவு அனுப்பின. உடல்நிலை சரியில்லை என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. பஞ்சாப் வழக்கில் ஜாமீன் வாங்கவும் அவர் அவசரப்படவில்லை. கடைசியில் உ.பி. அரசே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அற்ப மருத்துவக் காரணங்களைக் காட்டி ஒப்படைக்க மறுக்கப்படுகிறது என்று கண்ட உச்ச நீதிமன்றம், அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவில் உள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, இரண்டு வாரத்தில் அவரை உ.பி.க்கு மாற்றும்படி 2021 மார்ச் 26-ல் உத்தரவிட்டது. அதன்பிறகே ஏப்ரலில் அவர் பாண்டா சிறைக்கு வந்தார். இரண்டு வருடத்துக்கும் மேல் வெளிமாநிலச் சிறை அவருக்குக் கேடயமாக இருந்தது.

இப்போது மறுமுனையைப் பாருங்கள். 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் இரண்டு ஆந்திர வனத்துறை அதிகாரிகள் கொல்லப்பட்ட வழக்கில், தமிழகத்தைச் சேர்ந்த ஏறக்குறைய 300 தொழிலாளர்கள் குற்றம் சாட்டப்பட்டனர். 2016-ல்தான் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2015 ஏப்ரல் 7-ல் அதே வனப்பகுதியில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த 20 பேர் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். துப்பாக்கிச் சூடு தலைப்புச் செய்தி ஆனது. ஆனால் வழக்கு மேல் வழக்கில் கைது காட்டப்பட்டு, ஒன்றில் ஜாமீன் வாங்கினால் இன்னொன்றில் பி.டி. வாரண்ட் வந்து நிற்பவர்களின் கதை தலைப்புச் செய்தி ஆவதில்லை.

அன்சாரி விஷயத்தில் வாரண்ட் வந்தும் ஆள் போகவில்லை. கூலித் தொழிலாளி விஷயத்தில் வாரண்ட் எப்போது வரும் என்பதே தெரியாது. இதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கும் ஓர் இடைவெளி. ஒருவர் வேறு சிறையில் இருப்பது தெரிந்த பிறகு, இத்தனை நாளுக்குள் பி.டி. வாரண்ட் வாங்கியாக வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். எங்கேயும் கெடு வைக்கவில்லை. முதல் வழக்கில் ஜாமீன் கிடைக்கும் வரை சும்மா இருந்துவிட்டு, கிடைத்த மறுநாள் வாரண்டோடு வந்தாலும் அது விதிமீறல் ஆகாது.

அந்தத் தாமதத்துக்கு விலை யார் கொடுப்பது?

இங்கேதான் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். நம் கற்பனை ஆள் ஜனவரியில் கடப்பா சிறைக்குப் போனார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மீது தமிழகத்தில் விசாரணை நிலையில் இன்னொரு வழக்கும் இருக்கிறது. அதில் அவரை அக்டோபரில்தான் ஆஜர்படுத்தி ரிமாண்ட் செய்கிறார்கள்.

குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 60 அல்லது 90 நாள் கெடு இருக்கிறது. தாண்டினால் ஜாமீன் கேட்பது உரிமை. அந்தக் கடிகாரம் இரண்டாவது வழக்கில் ஜனவரியில் ஓடத் தொடங்காது, அக்டோபரில்தான் தொடங்கும்.

பின்னாளில் இரண்டாவது வழக்கில் ஒரு வருடம் தண்டனை கிடைத்தால், சிறையில் இருந்த காலத்தைக் கழிக்க 468-வது பிரிவு வழி செய்கிறது. ஆனால் அந்த வழக்கில் காவலில் இருந்த நாட்களையே கழிக்க முடியும். ஜனவரி முதல் செப்டம்பர் வரை உள்ளே இருந்த ஒன்பது மாதம் இந்தக் கணக்கில் வராது.

மூன்றாவது அடி இன்னும் பெரியது. அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலத்தை, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் மூன்றில் ஒரு பங்கை, விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டவரை விடுவிக்க 479-வது பிரிவு சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை என்கிறது. ஒரே மாதிரி குற்றச்சாட்டில் நான்கு வழக்குகள் போடப்பட்டவர், அந்த நான்கும் நிரூபணம் ஆகாத நிலையிலேயே, இந்தக் கதவை இழந்துவிடுகிறார்.

தற்காத்துக்கொள்ள என்ன வழி?

முன்ஜாமீன்: ஏற்கெனவே சிறையில் இருப்பவர் இன்னொரு வழக்கில் முன்ஜாமீன் கேட்கலாமா என்பதில் உயர் நீதிமன்றங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. 2024 செப்டம்பர் 9-ல் தன்ராஜ் அஸ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம் 'கேட்கலாம்' என்று தீர்த்து வைத்தது. ஒரே நிபந்தனை, அந்த இரண்டாவது வழக்கில் அதுவரை கைது காட்டப்பட்டிருக்கக் கூடாது. காட்டிவிட்டால் வழக்கமான ஜாமீன்தான். ஆக, இந்த வாய்ப்பு நாள் கணக்கில் தீர்ந்துபோகக் கூடியது.

பிடிவாரண்டை ரத்து செய்வது: 72-வது பிரிவின்படி, நிறைவேற்றப்படும் வரை அல்லது நீதிமன்றம் ரத்து செய்யும் வரை வாரண்ட் உயிரோடு இருக்கும். தானாகக் காலாவதி ஆகாது. எனவே இங்குள்ள வழக்கறிஞர் மூலம், 'அவர் தலைமறைவாக இல்லை, இன்ன தேதியிலிருந்து இன்ன சிறையில் இருக்கிறார்' என்று ஆதாரத்தோடு மனு போட்டு, பிடிவாரண்டைத் திரும்பப் பெறவும் அதற்குப் பதில் பி.டி. வாரண்ட் போடவும் கேட்கலாம். கேட்க வேண்டியது போலீஸ் மட்டும்தான் என்று இல்லை. சீக்கிரம் ஆஜர்படுத்தச் சொல்லி கைதி தரப்பே கேட்பது பல சமயம் லாபம். கடிகாரம் அன்றிலிருந்தாவது ஓடும்.

காணொலி: எல்லாவற்றுக்கும் ஆளைக் கூட்டிவர வேண்டியதில்லை. குற்றச்சாட்டை வாசித்து விளக்குவது, நீதிமன்றக் காவலை நீட்டிப்பது போன்றவற்றைக் காணொலி வழியாகச் செய்ய பி.என்.எஸ்.எஸ். இடம் தருகிறது. போலீஸ் காவலுக்கு அனுப்புவதென்றால் மட்டும் நேரில் ஆஜர்படுத்தியே ஆக வேண்டும்.

மொழி: தெலுங்கில் எழுதிய காகிதத்தில் கைநாட்டு வாங்கினால் போதாது. கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

வெளியூர் ஜாமீன்தாரர்: 'உள்ளூர் ஆள் கையெழுத்துப் போட வேண்டும்' என்ற நிபந்தனை வெளிமாநிலக் கைதிகளுக்குப் பெரிய சுவர். 1978-ல் மோதிராம் வழக்கிலேயே நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதைக் கண்டித்தார். தமிழரோ மலையாளியோ எங்கோ வடக்கே கைதானால் அந்த ஊர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்பது அவர் எழுப்பிய கேள்வி. 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவும் உள்ளூர் ஜாமீன்தாரர் நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்கிறது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

குடும்பம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

* அவர் மீது மொத்தம் எத்தனை வழக்குகள்? ஒவ்வொன்றின் காவல் நிலையம், குற்ற எண், நீதிமன்றம் என்ன? இ-கோர்ட்ஸ் செயலியில் பெயரை வைத்தும் தேடிப் பார்க்கலாம்.

* ஒவ்வொரு வழக்கிலும் ரிமாண்ட் ஆன தேதி எது? கைதான முதல் தேதி மட்டும் போதாது.

* சிறையில் அவர் பெயரில் பி.டி. வாரண்ட் ஏதாவது வந்திருக்கிறதா? வந்திருந்தால் எந்த நீதிமன்றத்திலிருந்து, என்ன தேதிக்கு?

* ஜாமீனுக்குப் பிறகும் உள்ளே இருக்கிறார் என்றால், எந்த உத்தரவின் பேரில்? பி.டி. வாரண்ட் என்பது ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு. அது ரிமாண்ட் உத்தரவு அல்ல. இந்த வித்தியாசத்தை வழக்கறிஞர் சிறையிடமும் நீதிமன்றத்திடமும் கேட்க வேண்டும்.

* இலவச வழக்கறிஞர் கேட்டாச்சா? காவலில் இருப்பவர் என்ற ஒரு காரணமே போதும், வருமானச் சான்று தேவையில்லை. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100.

கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியபோது, சாலை, பள்ளி, மருத்துவம், வேலை என்று பல விஷயங்கள் பேசப்பட்டன. மலையில் வேலை இல்லாததால் வெளிமாநிலம் போய், அங்கே சிறையில் சிக்கியவர்களின் வழக்குக் கணக்கும் அந்த வாழ்நிலையின் ஒரு பகுதிதான்.

இதைச் சரிசெய்ய புதுச் சட்டம்கூட வேண்டாம். சிறைகளின் கைதி விவரமும் நீதிமன்றங்களின் வழக்கு விவரமும் இப்போது கணினியில் இருக்கின்றன. பிடிவாரண்ட் போடுவதற்கு முன், இந்தப் பெயரில் யாராவது ஏதாவது சிறையில் இருக்கிறாரா என்று ஒரு தடவை தேடிப் பார்த்தாலே, சிறைக்குள் இருப்பவர் தலைமறைவு ஆகமாட்டார். இன்னொரு மாநிலத்தில் இருப்பது தெரிந்த பிறகு இத்தனை நாளுக்குள் ஆஜர்படுத்த வேண்டும் என்று ஒரு கெடு வைத்தால், ஜாமீன் உத்தரவோடு போகிறவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்காது. அதுவரை, ரிமாண்ட் தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளும் வேலை குடும்பத்தின் தலையில்தான்.